ஃப்ரிட்ஜைத் துடைத்தது யார்?

கொலை வழக்கில்கூட கடைசியில் யாராவது ஒருத்தர் முன்னால் வந்து, நான்தான் செய்தேன் என்று தலையைக் குனிவதுண்டு. அந்தப் பார்சல் ஆபீஸில் ஃப்ரிட்ஜைத் துடைத்து வைத்ததை ஒப்புக்கொள்ள ஒரு ஜீவன் கிடைக்கவில்லை.

"நானா? துடைச்சேனா?" தராசு இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரேடியோ என்கிறவனை மேலும் கீழும் பார்த்தாள். பார்சல்களை எடை போடும் பெண்மணி அவள். அதற்குமேல் அவளுக்கொரு பெயர் இருப்பது அந்த ஆபீஸில் யாருக்கும் தேவைப்படவில்லை. "என்னைப் பாத்து இந்தக் கேள்வியைக் கேக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு? அந்தக் கணக்கு பாக்கற ஆளு சிந்தின குழம்பை நான் துடைக்கறதா?"

"இல்லீங்க, இவ்வளவு சுத்தமா இருக்கே, செஞ்சவங்களை ஒரு வார்த்தை பாராட்டலாமேன்னு..."

"உன் பாராட்டை நீயே வெச்சுக்க. ரிப்பேர் பாக்க வந்தவன் ரிப்பேரைப் பாரு."

ரேடியோ ஸ்க்ரூ டிரைவரை ஃப்ரிட்ஜின் பின்பக்கம் ஏதோ ஓர் ஓட்டையில் விட்டு, பெரிய டாக்டர் போலத் தலையை ஆட்டினான். ஃப்ரிட்ஜைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது, கதவைத் திறந்தால் விளக்கு எரியும் என்பது மட்டும்தான். காலையில் வாயைத் திறந்தால் தூங்கும்வரை மூடமாட்டான் என்பதால் ரேடியோ என்று பெயர் வைத்தது அவன் அக்கா. அந்த அக்காவுக்குக் கழுகு என்று பெயர் வைத்தவர்கள், அவளிடம் மாட்டிக்கொண்டவர்கள். துப்பறிவது அவள் தொழில். அவள் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போவது அவன் தொழில். இன்றைக்கு இரண்டு பேரும் மெக்கானிக் வேஷத்தில் நீலச் சட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கழுகுக்குச் சட்டை சரியாக இருந்தது. அவனுக்குத் தொப்பைக்கு மேல் பொத்தான் போட முடியவில்லை.

அவர்களை வரவழைத்தவள் கவுண்டரில் பார்சல் புக்கிங் பார்க்கும் பெண். முதலாளியின் கூடப்பிறந்த தங்கை. வயது முப்பதைத் தாண்டியும் ஆபீஸ் மொத்தமும் அவளைப் பாப்பா என்றே கூப்பிட்டது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடிப்பதை ரேடியோ காலையிலேயே பார்த்துவிட்டான்.

பாப்பாவுக்கு இன்று சாயங்காலம் விமானம். வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. வீட்டில் அம்மாவுக்குத் தெரியாது, ஆபீஸில் அண்ணனுக்கும் தெரியாது. தோழி கல்யாணம் என்று லீவு சொல்லியிருந்தாள். வீட்டில் அவளுடைய பீரோவை அம்மா குடையாத நாள் இல்லை. ஆபீஸ் மேஜைக்குப் பூட்டு கிடையாது. அதனால் பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஒரு பழைய மஞ்சள் டப்பாவின் அடியில் வைத்து, மேலே பூசணம் பிடித்த சோற்றைப் பரப்பி, ஆபீஸ் ஃப்ரிட்ஜின் கீழ் டிராயரில் சொருகி வைத்திருந்தாள். அந்த ஃப்ரிட்ஜ் இருந்த லட்சணத்துக்கு அதைவிடப் பத்திரமான லாக்கர் வேறெங்கும் கிடைத்திருக்காது. அடுத்தவன் அழுகிய டப்பாவை எந்த மடையன் திறப்பான்?

காலையில் அதை எடுக்க வந்தவள் கதவைத் திறந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஃப்ரிட்ஜ் பளபளவென்று இருந்தது. தட்டுகள் கழுவி வைக்கப்பட்டிருந்தன. கீழ் டிராயர் காலி.

"மதியச் சாப்பாடு முடியறதுக்குள்ள நான் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியாகணும்க்கா," என்றாள் இப்போது, கழுகின் காதோரம். "இந்த வேலையை விட்டா எனக்கு இன்னொண்ணு கிடைக்காது. சாகற வரைக்கும் இந்தக் கவுண்டர்தான்."

கழுகு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காகிதங்களைப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆபீஸின் வரலாறு முழுக்க அங்கே இருந்தது. 'இது உங்கள் வீடு அல்ல' என்று ஒன்று. அதன் கீழே வேறு கையெழுத்தில், 'எங்கள் வீடாக இருந்தால் உங்களை உள்ளேயே விட்டிருக்க மாட்டோம்.' 'என் தயிரைத் தின்றவர் நன்றாக இருக்க மாட்டார்.' அதற்கும் பதில் இருந்தது. 'தயிர் அல்ல, அது சுண்ணாம்பு. தின்றவருக்கு இன்னும் வயிறு சரியில்லை.' எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில், 'அடுத்தவர் டப்பாவைத் தொட்டால் கை இருக்காது.'

"அக்கா, இது ஆபீஸ் இல்ல. போர்க்களம்," என்றான் ரேடியோ.

"அதனாலதான் கேக்கறேன். போர்க்களத்துல எவன்டா தரையைத் துடைப்பான்?"

நியாயமான கேள்விதான். அடுத்ததாகக் கணக்கரைப் பிடித்தார்கள். ஒல்லியான மனிதர். கண்ணாடிக்கு மேலாகவே பார்ப்பவர். ஃப்ரிட்ஜ் சுத்தமாக இருக்கிறதே என்று ரேடியோ ஆரம்பித்ததுமே நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"யாரு சொன்னா நான்னு? அந்தப் பொம்பளையா? நான் ஒரு தடவை அவங்க பாட்டிலை ஒரு விரக்கடை நகர்த்தி வெச்சேன். அதுக்கு மழைக்காலம் முடியறவரைக்கும் திட்டு வாங்கினேன். துடைக்கறதாம், அதுவும் நானாம்."

"எப்ப சார் துடைச்சிருப்பாங்க?"

"காலையில நான் டப்பா வைக்கும்போது வழக்கம்போல நாறிட்டுதான் இருந்துச்சு. எல்லாரும் வெச்சுட்டு அவங்கவங்க இடத்துக்குப் போனோம். டீ நேரத்துல பாத்தா கல்யாண வீடு மாதிரி இருக்கு. யாரு பண்ணாங்களோ, அவங்க ஏதோ தப்பு பண்ணியிருக்காங்க. இல்லாட்டி இவ்வளவு நல்லது செய்ய மாட்டாங்க."

அந்தக் கடைசி வார்த்தையைக் கழுகு மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டதை ரேடியோ கவனித்தான். அவள் ஒற்றைப் புருவம் ஏறி இறங்கியது.

அந்த ஆபீஸில் இனிக்க இனிக்கப் பேசிய ஒரே மனிதர் முதலாளிதான். கண்ணாடிக் கூண்டிலிருந்து எழுந்து வந்து, மெக்கானிக்குகளுக்கு டீ சொல்லி, நாற்காலியும் இழுத்துப் போட்டார்.

"ஃப்ரிட்ஜ் சத்தம் போடுதுன்னு பாப்பா சொன்னா. எனக்கு ஒண்ணும் கேக்கலை. இருந்தாலும் பாருங்க. ஒத்த வண்டியில ஆரம்பிச்சவன் தம்பி நான். என் ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக்கறதைப் பாத்தா வயிறு எரியுது." பிறகு தங்கை பக்கம் திரும்பினார். "நீ எதுக்கும்மா லீவுல வந்தே? ஒரு பழைய டப்பாவுக்கா? யாரோ தூக்கிப் போட்டிருப்பாங்க, குப்பை வண்டியும் வந்துட்டுப் போயிடுச்சு. விடு. அண்ணன் புதுசு வாங்கித் தர்றேன்." அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுக் கூண்டுக்குள் போனார்.

ரேடியோவுக்கு மனம் இளகிவிட்டது. இப்படி ஓர் அண்ணனை விட்டுவிட்டுச் சொல்லாமல் ஓடுவதா என்றுகூடத் தோன்றியது.

"அக்கா, வா குப்பை வண்டியைத் துரத்துவோம். இங்க நின்னு இந்தத் தட்டுகளையே முறைச்சுட்டிருந்தா பாஸ்போர்ட் குட்டியா போடும்?"

"இந்தத் தட்டைப் பாரு. டப்பாக்களை யாரோ மெனக்கெட்டு அடுக்கியிருக்காங்க. எந்தக் கணக்குல அடுக்கியிருக்காங்க?"

ரேடியோ எட்டிப் பார்த்தான். நடுத்தட்டில் எல்லா டப்பாக்களும் இருந்தன. ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி ஆள் அடையாளம் எழுதியிருந்தது. முன்னால் தராசின் டப்பா. அதன் பக்கத்தில் ஒரு டப்பா வைக்கும் அளவுக்கு இடம் காலி. பின்னால் கணக்கருடையது, அதற்கும் பின்னால் முதலாளியுடையது. ஃப்ரிட்ஜின் பின்சுவரோடு ஒட்டி, டிரைவர் என்று எழுதிய ஒரு வெள்ளை டப்பா. மற்ற இடமெல்லாம் இண்டு இடுக்கில்லாமல் பாட்டில்கள்.

"பெரிசு சின்னதுன்னு அடுக்கலை. பதவிப்படியும் இல்லை, முதலாளி பின்னாடி கிடக்கார். பைத்தியக்காரத்தனமா இருக்கு. தொட்டுப் பாக்கலாமா?"

கை நீளும் முன்னால் புறங்கையில் சுளீரென்று ஓர் அடி விழுந்தது. தராசு. "போர்டு படிக்கத் தெரியாது? அடுத்தவங்க டப்பாவைத் தொடாதே." தன் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் கணக்கர் வந்தார். கதவைத் திறக்கும்போதே, "எவன் டப்பா எனக்கு முன்னாடி..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் டப்பாவுக்கு முன்னால் எதுவும் இல்லை. கை நீட்டினார், எடுத்தார், சண்டைக்கு வழியில்லாத ஏமாற்றத்தோடு போனார்.

"இன்னிக்குத்தான் முதல் தடவையா சத்தமில்லாம டப்பா எடுக்கறாங்க," என்றாள் பாப்பா. "தினமும் யாராவது யாரோட டப்பாவையாவது நகர்த்துவாங்க. அதுலதான் ஆரம்பிக்கும்."

கழுகு ஃப்ரிட்ஜையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்தாள். "சாப்பிடற வரிசை. முதல்ல சாப்பிடறவங்க முன்னாடி, கடைசியா சாப்பிடறவங்க பின்னாடி."

"அட, நம்ம வண்டி லோடு," என்று சிரித்தான் ரேடியோ.

"என்னது?"

"வீடு மாத்தற கம்பெனில இருந்தேனே, மறந்துட்டியா? முதல்ல இறக்க வேண்டியதைக் கடைசியா ஏத்தணும். கடைசியா இறக்க வேண்டியதை முதல்ல ஏத்தி உள்சுவரோட ஒட்டணும். நான் தலைகீழா ஏத்தினேன். ஒரு கட்டிலை எடுக்க மொத்தச் சாமானையும் நடுரோட்டுல பரப்பினாங்க. அன்னிக்கே சீட்டைக் கிழிச்சுட்டாங்க."

"லோடுல நடுவுல காலி இடம் விடுவீங்களா?"

"விட்டா பெட்டி ஆடும், உடையும். இன்னும் ஏற வேண்டிய சாமான் பாக்கி இருந்தாத்தான் விடுவோம்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. கழுகு பாப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"தராசோட சேர்ந்து சாப்பிடறது யாரு?"

"நான்தான்க்கா. கவுண்டரும் தராசும் ஒண்ணாத்தான் மூடுவோம்."

"அப்ப தராசு டப்பா பக்கத்துல இருக்கற காலி, உன் இடம். இன்னிக்கு நீ லீவுன்னு ஆபீஸுக்கே தெரியும். பாட்டில்களை இப்படித் திணிச்சு வெச்ச ஆளு, வராதவளுக்கு எதுக்கு இடம் விட்டான்? நீ எங்கயும் போகப் போறதில்லைன்னு அவனுக்குத் தெரியும். அவன் கை தன்னால விட்ட இடம் அது. உன் பாஸ்போர்ட் குப்பைக்குப் போகலை. தெரிஞ்சேதான் எடுத்திருக்காங்க."

பாப்பாவின் முகம் வெளுத்தது. பிறகு மெல்லச் சிவந்தது. பயம் போய் அந்த இடத்தில் ஆத்திரம் வந்து உட்காருவதை ரேடியோ கண்ணெதிரே பார்த்தான்.

கழுகு நேராகச் சாப்பாட்டு மேஜைக்குப் போனாள். "இங்க வண்டிக்கு லோடு ஏத்தறது யாரு?"

"டிரைவரே ஏத்திக்குவான்," என்றாள் தராசு, வாய் நிறையச் சோற்றோடு. "உனக்கு எதுக்கு அது?"

ரேடியோ தொடையைத் தட்டினான். "மாட்டினான். எங்க அந்த டிரைவர்?"

"நேத்தே கிளம்பிட்டான். நாளைக்குத்தான் வருவான்."

ரேடியோவின் உற்சாகம் புஸ்ஸென்று இறங்கியது. நேற்றுப் போனவன் இன்று காலையில் வந்து ஃப்ரிட்ஜைத் துடைக்க முடியாது. ஆனால் கழுகின் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் அவனுக்கு எப்போதுமே கொஞ்சம் பயம்.

"நேத்து கிளம்பின ஆளோட சாப்பாட்டு டப்பா," என்றாள் அவள் நிதானமாக, "இன்னிக்கு ஃப்ரிட்ஜ்ல என்ன பண்ணுது?"

மேஜையில் மெல்லும் சத்தம் நின்றது.

"அவனுக்கு ஏது டப்பா?" என்றார் கணக்கர். "அவன் ரோட்டுல சாப்பிடறவன்." தன் போனை எடுத்து டிரைவரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே டிரைவரின் குரல் சீறியது. "என் டப்பாவா? உங்க நாத்தம் பிடிச்ச ஃப்ரிட்ஜ்ல நான் என் செருப்பைக்கூட வைக்க மாட்டேன். வண்டி ஓட்டும்போது கூப்பிட்டு உயிரை வாங்காதீங்க."

ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து கழுகு உள்ளே கை விட்டபோது, பின்னாலிருந்து முதலாளியின் குரல் வந்தது. இனிப்பு குறையாத குரல்தான்.

"அம்மா, அது டிரைவர் டப்பா. அடுத்தவங்க டப்பாவைத் தொடக்கூடாதுன்னு எங்க ஆபீஸ்ல ஒரு கட்டுப்பாடு இருக்கு."

"அந்தக் கட்டுப்பாட்டை நம்பித்தானே சார் இங்க வெச்சீங்க?"

டப்பாவைத் திறந்தாள். சோறு இல்லை, குழம்பும் இல்லை. ஈரம் படாமல் துடைத்த பிளாஸ்டிக் கவரில் பாஸ்போர்ட் இருந்தது. பாப்பா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அட, இங்கதான் இருந்துச்சா?" முதலாளி கைகளைத் தட்டினார். "நல்லவேளை. துடைச்ச புண்ணியவான் யாரோ பத்திரமா..."

"புண்ணியவான் நீங்கதான். நாளைக்கு, விமானம் போனப்புறம், 'பாரு பாப்பா, பின்னாடியே கிடந்திருக்கு'ன்னு நீங்களே எடுத்துக் குடுத்திருப்பீங்க. பழி ஃப்ரிட்ஜ் மேல போயிருக்கும். எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க. ஆனா ஒத்த வண்டியில ஆரம்பிச்ச ஆளு நீங்க. அந்த வண்டிக்கு லோடு ஏத்தின கை இன்னும் மறக்கலை. கடைசியா இறங்க வேண்டியது பின்சுவர்ல, இன்னும் ஏற வேண்டியதுக்கு முன்னாடி இடம்."

முதலாளியின் முகத்திலிருந்து இனிப்பு வழிந்து இறங்கியது. அடியில் இருந்ததைப் பார்த்த ரேடியோ ஓரடி பின்வாங்கினான்.

"யாருடி நீ? என் குடும்ப விஷயத்துல தலையிட உனக்கு என்ன தைரியம்? மெக்கானிக்காம் மெக்கானிக்." தங்கை பக்கம் திரும்பினார். "வெளிநாட்டு வேலை ஏஜென்ட் இங்க போன் பண்ணினான். 'தங்கச்சி ரெடியா சார்'னு என்னையே கேக்கறான். சோறு போட்டு வளத்தவனுக்கு இதுதான் மரியாதையா? அம்மா பீரோவுல தேடினாங்க, இல்லை. நான் யோசிச்சேன். ஒரு மூடி திறந்திருந்தாக்கூட கத்தற பொண்ணு, பூசணம் பூத்த மஞ்சள் டப்பாவை மட்டும் ஏன் தூக்கிப் போட மாட்டேங்கறா? கண்டுபிடிச்சுட்டேன். நான் ஒண்ணும் முட்டாள் இல்லை."

"கேட்டிருக்கலாமே," என்றாள் பாப்பா.

"கேட்டா நின்னிருப்பியா? வெளி ஆளைக் கவுண்டர்ல உக்கார வெச்சா திருடுவான். நீ திருட மாட்டே. அதுக்காகத்தான்."

"அதனால நீங்களே திருடிட்டீங்க," என்றான் ரேடியோ. யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கும் அது சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. சற்று முன் இந்த ஆளுக்காக இளகிய மனதை நினைத்து அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

தராசு தட்டை ஓங்கி மேஜையில் வைத்தாள். "நான்தான் துடைச்சேன்னு காலையில இருந்து இந்தக் கண்ணாடிக்காரர் என்னை முறைக்கறார். நீங்க உள்ள உக்காந்து வேடிக்கை பாத்துட்டிருந்தீங்களா?"

"நீயும்தான் என்னை முறைச்சே," என்றார் கணக்கர். ஆனால் இருவரும் இப்போது பார்த்தது முதலாளியைத்தான்.

பாப்பா தோள்பையை மாட்டிக்கொண்டாள். முதலாளி குறுக்கே வந்து நின்றார்.

"இந்தப் படியைத் தாண்டினே, திரும்பி வராதே. அம்மா கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றாள் அவள். "தேடட்டும். பீரோ, மேஜை, டிராயர்னு ரெண்டு பேரும் சேர்ந்து தேடுங்க. என் சாமானைத் தேடற அளவுக்கு என்னை ஒருநாளும் தேடினதில்லை. இனிமே தேடுவீங்க."

கழுகு அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். ரேடியோ பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தான்.

அவர்கள் வாசலைத் தாண்டும்போது கவுண்டரில் ஓர் ஆள் பெரிய பெட்டியோடு வந்து நின்று மணியை அடித்தான். யாரும் வரவில்லை. மறுபடி அடித்தான். உள்ளே முதலாளி கணக்கரைப் பார்த்தார். கணக்கர் அடுத்த கவளத்தை உருட்டினார். முதலாளி தராசைப் பார்த்தார். அவள் தண்ணீர் குடித்தாள்.

"ஆபீஸ்ல ஆளே இல்லையா? எவ்வளவு நேரம் நிக்கறது?" என்று வந்தவன் கத்தினான்.

முதலாளி போய் கவுண்டரில் பாப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார்.